ஏழும் பன்னிரண்டும்: பெருமந்தக் காலத்தில் தாணே, குலாபா உழவர் வாழ்வு

நவி மும்பையின் ஐரோலியில் வீடு வாங்கும் தமிழர் எவரும் பணம் கட்டுமுன் நிலத்தின் பழைய ஆவணங்களைப் பார்க்கச் சொல்கிறார். அந்தத் தேடல் பெரும்பாலும் அந்நகரைத் திட்டமிட்ட சிட்கோ நிறுவனத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கு முன் அந்த மண்ணை உழுதவர் யார், அவர் பெயர் ஏட்டில் ஏறியது எப்படி என்று யாரும் கேட்பதில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறது. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதாரப் பெருமந்தம் தாணே, குலாபா (இன்றைய ராய்கட்) மாவட்டக் கடலோர உழவர்களின் அன்றாட வாழ்வை எப்படிக் குலைத்தது? அந்த நெருக்கடியிலிருந்து அவர்கள் ஈட்டியது என்ன? நிலப்பதிவேட்டில் ஒரு பெயர் என்பதே இக்கட்டுரை தரும் விடை. இன்றைய நவி மும்பையின் வரலாறு அந்தப் பெயரிலிருந்துதான் தொடங்குகிறது.

உவர் நிலமும் அதை ஆக்கியவர்களும்

தாணேக் கழியின் கிழக்குக் கரையில் ஐரோலி, திவா, ரபாலே, கோட்டிவலி, கண்சோலி என ஊர்கள் வரிசையாக நிற்கின்றன. இவை ஆக்ரி, கோளி மக்களின் ஊர்கள். கோளியர் மீனவர். ஆக்ரி என்ற பெயர் ‘ஆகர்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. உப்பளம் என்று பொருள். நெய்தல் நிலத்து உமணரை அறிந்த தமிழருக்கு இவர்கள் அயலாராகத் தோன்றமாட்டார்கள். கழிக்கு எதிர்க்கரையில், இன்றைய முலுண்டு, பாண்டூப் பக்கம், உப்பளங்கள் பரந்து கிடந்தன. மழைக்காலத்தில் நெல், கோடையில் உப்பு, இடைப்பட்ட நாளில் மீன். ஆக்ரி வீட்டின் ஆண்டு இந்த மூன்றாலும் நிறைந்தது.

1882இல் வெளிவந்த தாணே மாவட்ட கெஜட்டியர் இப்பகுதி நெல் நிலத்தை நன்னீர் நிலம், உவர் நிலம் என்று இரண்டாகப் பிரிக்கிறது. உவர் நிலம் இயற்கை தந்த நிலமல்ல, மனிதர் ஆக்கியது. அலை ஏறும் சேற்று நிலத்தைச் சுற்றிக் கரை எழுப்புவார்கள். கரையில் மதகு வைப்பார்கள். கடல் ஏறும்போது மதகு மூடியிருக்கும், இறங்கும்போது திறந்திருக்கும். ஆனி, ஆடி மழை உப்பைக் கரைத்து வெளியே இழுத்துச் செல்லும். அதன்பின் ஏர் பூட்டாமலே, முளைகட்டிய விதையைச் சேற்றில் வீசுவார்கள். விளைவது சிவந்த அரிசி. அதை இடித்து மாவாக்கித் தட்டிய பாக்ரியும் கருவாட்டுக் குழம்பும்தான் அன்றாடச் சாப்பாடு.

இந்த வேளாண்மை ஊர் கூடினால்தான் நடக்கும். கரையில் நண்டு தோண்டிய ஒரு வளை போதும், ஒரு பௌர்ணமி அலையில் உடைப்பெடுத்துவிடும். ஒருமுறை உப்புநீர் புகுந்தால் மண் தேற ஓரிரு மழைக்காலம் ஆகும். ஆகவே கரை அடைப்பது ஊர்ப்பொது வேலை. நிலத்தை ஆக்கியதும் ஆண்டுதோறும் காத்ததும் உழுதவர் கை. ஏட்டில் நில உடைமையாளராக நின்றவர்களோ ‘கோத்’, ‘சாவ்கார்’ (வட்டிக்குக் கடன் தருபவர்) என்று வேறு ஆட்கள்.

கோத் என்பவர் முதலில் அரசுக்காக வரி திரட்டித் தந்தவர். காலப்போக்கில் அவரே ஊருக்கு உடையவர் போலானார். உழுதவன் ‘குள்’, அதாவது குத்தகையாள். விளைச்சலில் பாதியும் அதற்கு மேலும் களத்திலேயே அளந்து போய்விடும். கோத் வீட்டு வேலைக்குக் கூலியின்றிப் போவதும் வழக்கம். தமிழகத்து மிராசுதார், பண்ணையாள் உறவை நினைத்துக்கொண்டால் இந்த அமைப்பு எளிதில் விளங்கும்.

விலை வீழ்ந்த விதம்

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அந்தச் செய்தி தாணேக் கழிக்கரை உழவரின் காதுக்கு எட்டியிருக்காது. விளைவு மட்டும் எட்டியது. ஓரிரு ஆண்டுகளில் இந்திய விளைபொருள் விலை ஏறத்தாழப் பாதிக்கு இறங்கியது. 1927 முதல் ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று நிறுத்தப்பட்டிருந்த நாணய மதிப்பு அந்தச் சரிவைக் கூட்டியது. பர்மா அரிசி மலிவாகப் பம்பாய்த் துறைமுகத்தில் வந்திறங்கியதால் கொங்கண நெல்லுக்குக் கேட்பாரில்லை.

குத்தகை நெல்லாக அளக்கப்பட்டதால் விலைச் சரிவு உழவனைத் தொட்டிருக்காது என்று தோன்றலாம். அன்றாடக் கணக்கைப் பார்த்தால் அப்படியல்ல என்பது தெரியும். துணி, மண்ணெண்ணெய், வெல்லம், மருந்து எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். களத்தில் எஞ்சிய நெல்லை விற்றுத்தான் அந்தக் காசு. விலை பாதியானால் அதே துணிக்கு இரு மடங்கு நெல் போக வேண்டும். கடனோ ரூபாயில் எழுதப்பட்டது. நெல் விலை நன்றாக இருந்தபோது மகள் கல்யாணத்துக்கு வாங்கிய நூறு ரூபாய், விலை பாதியானபோது நெல்லளவில் இருநூறு ரூபாய்க் கடனாகிவிட்டது. அதன்மேல் வட்டி. கோத்துக்கும் சிக்கல் இருந்தது. அவர் அரசுக்குக் கட்டும் வரி காசில் இருந்தது. அது நெல் விலையோடு சேர்ந்து இறங்கவில்லை. அந்தச் சுமையை அவர் குள் தலையில் இறக்கினார். களத்து அளவை கடுமையானது, பழைய பாக்கி தோண்டி எடுக்கப்பட்டது, பத்திரம் இல்லாத குத்தகையாள் வெளியேற்றப்பட்டார்.

1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க நாணயத் திட்டத்தைக் கைவிட்டதும் ரூபாயில் தங்கத்தின் விலை ஏறியது. நாடெங்கும் கிராமத்துப் பெண்களின் காதிலும் கழுத்திலும் கிடந்த பொன் அடகுக் கடைக்கும் அங்கிருந்து பம்பாய்த் துறைமுகம் வழியாக லண்டனுக்கும் போனது. பெண்களுக்குச் சொந்தமாக இருந்த ஒரே சொத்து அதுதான். பெருமந்தத்தின் விலையை முதலில் கொடுத்தவர்கள் அவர்களே.

காட்டு வழியும் உப்பு வழியும்

விளைச்சல் கைகொடுக்காதபோது இம்மக்களுக்கு இரண்டு புகலிடங்கள் இருந்தன: மலையில் விறகு, கழியில் உப்பும் மீனும். இரண்டின் மீதும் அரசின் கை இருந்தது. காட்டுச் சட்டம் விறகைத் தடுத்தது, உப்புச் சட்டம் உப்பைத் தடுத்தது. 1930ஆம் ஆண்டின் சட்டமறுப்பு இயக்கம் இக்கரையில் ஏன் இவ்வளவு ஆழமாக வேர்விட்டது என்பதற்கு விளக்கம் இங்கேதான் உள்ளது. ஏப்ரல் 30 அன்று வேதாரண்யத்தில் இராஜாஜி உப்பள்ளினார். அடுத்த வாரங்களில், பம்பாயில் மாட்டுங்காவுக்கு அடுத்த வடாலா உப்பளத்துக்குள் ஆயிரக்கணக்கானோர் புகுந்தனர். 1931 மார்ச்சில் கையெழுத்தான காந்தி–இர்வின் ஒப்பந்தம் கடலோரச் சிற்றூரார் தம் ஊர்த் தேவைக்கு உப்பு எடுத்துக்கொள்ள இடமளித்தது. தில்லியில் எழுதிய அந்த ஒரு வரியால் இக்கரை அடுப்படிகளில் அச்சமின்றி உப்புப் போட முடிந்தது.

காட்டு வழியில் இரத்தம் சிந்தியது. 1930 செப்டம்பர் 25 அன்று, இன்றைய உரண் வட்டத்துச் சிர்நேர் ஊரில், காட்டுச் சட்டத்தை மீறி மரம் வெட்டப் போன மக்கள் மீது காவல்துறை சுட்டது. எட்டுக் கிராமத்தார் உயிரிழந்தனர். மாண்டோர் பட்டியலில் பாட்டீல், மாத்ரே, கோளி, காத்கரி என்ற பெயர்கள் வருகின்றன. உழவன், மீனவன், கரி சுடும் பழங்குடி என்று தனித்தனித் தெருவில் வாழ்ந்தவர்கள் ஒரே காட்டுவழியில் விழுந்து கிடந்தார்கள். நெருக்கடி ஊரின் பழைய எல்லைகளை எவ்வளவு தூரம் தாண்ட வைத்தது என்பதற்கு அந்தப் பெயர்களே சான்று.

ச்சரி: விதைக்காத வயல்

பெருமந்த கால வாழ்வின் உச்சம் குலாபா மாவட்டத்து அலிபாக் வட்டத்தில் நிகழ்ந்தது. ச்சரி என்ற ஊர் ‘காரேபாட்’ என்னும் உவர் நிலப் பகுதியில் உள்ளது. அங்கும் ஆக்ரி உழவர்களே பெரும்பான்மையினர். 1933 அக்டோபர் 27 அன்று நாராயண் நாகு பாட்டீல் தலைமையில் ச்சரியும் சுற்றுப்புறமும் சேர்ந்த 25 ஊர்களின் குத்தகையாளர்கள் கூடி ஒரு முடிவெடுத்தனர்: கோத்தின் நிலத்தை இனி உழுவதில்லை. அந்த வேலைநிறுத்தம் 1939 வரை நீடித்தது.

ஆலைத் தொழிலாளி வேலையை நிறுத்தினால் கூலி போகும். உழவன் நிறுத்தினால் சோறே போகும். மழைக்காலங்கள் அடுத்தடுத்து வந்து போயின, அந்த வயல்களில் விதை விழவில்லை. மக்கள் மலையிலிருந்து விறகு சுமந்து விற்றார்கள், கழியில் மீனும் நண்டும் பிடித்தார்கள், வெளியூருக்குக் கூலிக்குப் போனார்கள். கரை அடைக்கப் பழகிய ஊர்க்கூட்டுறவுதான் இந்த ஆறு ஆண்டுகளையும் தாங்கியது என்பது என் துணிபு. ஒருவன் வளையை அடைக்காவிட்டால் எல்லார் வயலும் மூழ்கும் என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டவர்கள் அவர்கள். ஒருவன் மட்டும் போய் உழுதால் எல்லார் போராட்டமும் உடையும் என்பது அவர்களுக்குச் சொல்லாமலே விளங்கியது.

1934இல் ச்சரியில் நடந்த உழவர் மாநாட்டுக்கு அம்பேத்கர் வந்தார். 1936இல் அவர் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1937 செப்டம்பர் 17 அன்று பம்பாய்ச் சட்டமன்றத்தில் கோத் முறையை ஒழிக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். 1938 ஜனவரி 10 அன்று கொங்கணத்திலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் வந்த பல்லாயிரம் உழவர்கள் சட்டமன்றத்தை நோக்கிப் பேரணியாகச் சென்றனர். அப்போதைய வருவாய் அமைச்சர் மொரார்ஜி தேசாய் ச்சரிக்கு நேரில் வர வேண்டிய நிலை உருவானது. 1937இல் நாராயண் நாகு பாட்டீல் தொடங்கிய ‘கிருஷீவல்’ இதழ் இன்றும் அலிபாக்கிலிருந்து வெளிவருகிறது.

அதே ஆண்டுகளில் தமிழர்

இதே பத்தாண்டில் தமிழகத்து உழவரும் இதே சுழலில்தான் இருந்தார். சென்னை மாகாணத்தின் ஊரகக் கடன் 1930இல் சுமார் 150 கோடி ரூபாய் என்று வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது. 1935இல் உழவர் கடன் பற்றிய சத்தியநாதன் அறிக்கை அதைச் சுமார் 200 கோடி என்றது. இராஜாஜி அமைச்சரவை 1938இல் கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபருக்கு முந்தைய கடன்களில் 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டியைத் தள்ளுபடி செய்தது. ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெரிகிறது. சென்னையில் பெருமந்தத்துக்கு அரசு தந்த முதன்மையான மறுமொழி கடன் பற்றியது. கொங்கணத்தில் உழவரே முன்வைத்த கேள்வி நில உரிமை பற்றியது.

ஊரில் வழியில்லாமல் பம்பாய்க்கு வந்தவர்களையும் மறக்க முடியாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே தாராவித் தோல் பதனிடும் சாலைகளில் தமிழர் உழைத்தனர். மாட்டுங்காவில் குடியேறிய அலுவலகத் தமிழர் 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவினர். 1934இல் கூலிக் குறைப்பை எதிர்த்துப் பஞ்சாலைத் தொழிலாளர் பொது வேலைநிறுத்தம் செய்தபோது, சில பத்து மைல் தெற்கே ச்சரி வயல்கள் தரிசாகக் கிடந்தன. பள்ளி, சங்கம், ஊர்க்கூட்டம் என்று வடிவம் வேறானாலும், தனித்து நின்றால் மூழ்குவோம் என்ற பாடத்தை எல்லாரும் ஒரே காலத்தில் கற்றார்கள்.

ஏட்டில் ஏறிய பெயர்

ச்சரி உழவரின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று, உழுபவன் பெயரைக் கிராமப் பதிவேட்டில் குத்தகையாளாக எழுத வேண்டும் என்பது. மராட்டியத்தில் அதைச் ‘சாத்-பாரா’ என்பார்கள், ஏழு, பன்னிரண்டு. கிராமப் படிவம் 7 உரிமையாளரையும் உரிமைகளையும் சொல்லும், நம் சிட்டா போல. படிவம் 12 பயிரைச் சொல்லும், நம் அடங்கல் போல. இரண்டும் ஒரே தாளில் இருக்கும். அந்தத் தாளில் பெயர் இல்லாதவன் நேற்றுவரை உழுதிருந்தாலும் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியமாட்டான்.

1939இன் பம்பாய்க் குத்தகைச் சட்டம், 1938 ஜனவரி 1க்கு முன் தொடர்ந்து ஆறு ஆண்டுகள் உழுதவரைப் பாதுகாக்கப்பட்ட குத்தகையாளர் என்று ஏற்றது. 1948இல் விரிவான குத்தகைச் சட்டமும், 1949இல் கோத் ஒழிப்புச் சட்டமும் வந்தன. 1957 ஏப்ரல் 1 ‘உழவர் நாள்’ என்று குறிக்கப்பட்டு, அன்று நிலத்தை உழுதுகொண்டிருந்த குத்தகையாளரே அதை விலைக்கு வாங்கியவராகக் கருதப்பட்டார். குள் உடைமையாளன் ஆனான்.

பதின்மூன்று ஆண்டுகளே கடந்திருந்தன. 1970 மார்ச்சில் சிட்கோ உருவானது. தாணே, பன்வேல், உரண் வட்டங்களின் 95 ஊர்களை உள்ளடக்கிப் புதிய நகரம் திட்டமிடப்பட்டது. யாருக்கு இழப்பீடு என்ற கேள்வி எழுந்தபோது சாத்-பாராவே பேசியது. 1933இல் சோற்றைப் பணயம் வைத்துத் தொடங்கிய போராட்டம் இல்லாதிருந்தால், பல இடங்களில் அந்தத் தாளில் கோத்தின் பெயரே நின்றிருக்கும். 1984 ஜனவரி 16, 17 நாட்களில் உரண் வட்டத்து ஜாசயி பகுதியில், தி.பா. பாட்டீல் தலைமையில் நியாயமான இழப்பீடு கேட்ட உழவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து ஐவர் மாண்டனர். கையகப்படுத்திய நிலத்தில் 12.5 விழுக்காட்டை மேம்படுத்திய மனையாக உழவருக்கே திருப்பித் தரும் திட்டம் அந்தப் போராட்டத்தின் கனி. சிர்நேர், ச்சரி, ஜாசயி மூன்றும் ஒரே நூலில் கோத்த மணிகள்.

முடிவாக

பெருமந்தம் தாணே, குலாபா உழவரிடமிருந்து நெல்லையும் பொன்னையும் பறித்தது. ஊரார் கூடி நின்று அதற்கு ஈடாகப் பெற்றது பதிவேட்டில் ஒரு பெயர். அந்தப் பெயரின் மதிப்பு ஒரு தலைமுறை கழித்துத்தான் முழுமையாகத் தெரிந்தது. பொருளாதார வரலாற்றை விலைப் பட்டியலாக மட்டும் படித்தால் இந்த ஈட்டல் கண்ணில் படாது.

ஐரோலித் தமிழருக்கு ஒரு வேண்டுகோள். ஒரு மாலை அடுக்குமாடிகளைக் கடந்து திவா கிராமத்துப் படகுத்துறை வரை நடந்து போங்கள். அங்கு வலை பழுதுபார்க்கும் முதியவரிடம் அவர் தாத்தா எந்த வயலை உழுதார் என்று கேளுங்கள், அவர் சொல்வதை எழுதி வையுங்கள். உவர் நிலத்தைக் கரை கட்டி விளைநிலமாக்கியவர்களின் பெயர்கள் நம் தமிழ் ஏட்டிலும் ஏறட்டும்.