ஆணும் பெண்ணும்: உயிரணுவின் தீர்ப்பு

பிறக்கப்போகும் மகவு ஆணா, பெண்ணா என்னும் வினா மிகப் பழமையானது. அதற்கு முன்னோர் கூறிய விடைகளும் பல. தந்தையின் வித்தில் உள்ள வெப்பமே அதனை முடிவு செய்கிறது என்றார் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில். கருப்பையின் வலப்பக்கம் ஆணும் இடப்பக்கம் பெண்ணும் வளரும் என்று நம்பியோரும் இருந்தனர். விடை எதுவாயினும், பெண்மகவே தொடர்ந்து பிறந்த இல்லங்களில் பழி மட்டும் தாயின் தலையிலேயே ஏற்றப்பட்டது. அப்பழிக்கு அடிப்படையில்லை என்று அறிவியல் கண்டறிந்த வரலாற்றை இங்குக் காண்போம்.

உயிரணுவின் உட்கருவில் நுண்ணிய இழைகள் உள்ளன. சாயத்தை எளிதில் ஏற்பதால் அவற்றிற்குக் குரோமோசோம் என்று பெயரிட்டனர். அவை பெரும்பாலும் இணை இணையாக அமைந்திருக்கும். 1891ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஹென்கிங் ஒரு பூச்சியின் விந்தணுக்களை ஆராய்ந்தபோது, அவற்றுள் பாதியில் மட்டும் ஓர் இழை மிகுதியாக இருக்கக் கண்டார். அதன் இயல்பு விளங்காமையால் அதற்கு ‘எக்ஸ்’ என்று குறியிட்டார். அறியாப் பொருளுக்கு இட்ட அக்குறியே பின்னர் நிலையான பெயராயிற்று.

1905ஆம் ஆண்டில் அமெரிக்கப் பெண் அறிஞர் நெட்டி ஸ்டீவன்ஸ் மாவுப்புழு வண்டை ஆராய்ந்தார். பெண்ணின் உயிரணுவில் 20 பெரிய குரோமோசோம்கள் இருந்தன. ஆணிலோ 19 பெரியவையும் 1 சிறியதும் இருந்தன. அச்சிறியதைத் தாங்கிய விந்தணுவால் ஆணும், அதற்கு இணையான பெரியதைத் தாங்கியதால் பெண்ணும் பிறக்கின்றன என அவர் முடிவு கண்டார். எட்மண்ட் வில்சன் என்பாரும் அதே காலத்தில் இத்தகைய முடிவுக்கு வந்தார். அச்சிறிய குரோமோசோமே ‘ஒய்’ எனப்படுவது.

ஆயினும் எல்லா உயிர்க்கும் இதுவே முறை என்று கருதுதல் பிழையாகும். கோழியையும் பட்டுப்பூச்சியையும் நோக்குவோம். அவற்றில் ஆணுக்கு ஒத்த இரு குரோமோசோம்களும், பெண்ணுக்கு வேறுபட்ட இரண்டும் உள்ளன. ஆகவே அங்கே பாலை முடிவு செய்வது தாயின் முட்டையே. பாம்புகள் பலவற்றிலும் இந்நிலையே காணப்படுகிறது. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ராய் சௌத்ரியும் அவருடைய மாணவர் லால்ஜி சிங்கும் இந்தியப் பாம்புகளின் குரோமோசோம்களை ஆராய்ந்து, இத்துறையில் நம் நாட்டுக்குப் பெருமை தேடித் தந்தனர்.

தேனீயின் வழி இன்னும் வியப்பானது. கருவுற்ற முட்டை பெண்ணாகிறது. கருவுறாத முட்டை ஆணாகிறது. எனவே ஆண் தேனீக்குத் தந்தையே இல்லை. அதற்கு 16 குரோமோசோம்கள்; பெண்ணுக்கு 32. சென்னைக் கடற்கரையில் முட்டையிடும் பங்குனி ஆமைக்கோ பாலை முடிவு செய்வது மணலின் வெப்பம். வெப்பம் மிகுந்தால் பெண், குறைந்தால் ஆண்.

இனி நம் மலைநாட்டுக்கு வருவோம். கேரளத்து இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றுக்குச் செல்லும் வழியில், பள்ளிவாசலை அடுத்துள்ளது சித்திரபுரம். தேயிலைத் தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்திலிருந்து மலையேறிய குடும்பங்களின் வழிவந்தோர் அப்பகுதியில் வாழ்கின்றனர். அம்மலைத் தொடரின் காடுகளில் நாய் குரைப்பது போல ஒலியெழுப்பும் சிறுமான் ஒன்று உண்டு. ஆடு என்று பெயர் பெற்றும் மானினத்தைச் சேர்ந்த கேளையாடே அது. 1970ஆம் ஆண்டில் டோரிஸ் வர்ஸ்டர், கர்ட் பெனிர்ஷ்கே ஆகிய இருவர் இந்தியக் கேளையாட்டின் குரோமோசோம்களை எண்ணி வியந்தனர். பெண்ணுக்கு 6, ஆணுக்கு 7! சீன நாட்டுக் கேளையாட்டுக்கு 46 இருக்க, இதற்கு இத்துணைக் குறைவு ஏன்? நெடுங்காலப்போக்கில் பல குரோமோசோம்கள் ஒன்றோடொன்று இணைந்துவிட்டமையே காரணம். அவ்வாறு எக்ஸும் வேறொரு குரோமோசோமுடன் ஒட்டிக்கொண்டது. ஆணில் அந்த வேறொன்றின் இணை ஒட்டாமல் தனித்து நிற்கிறது. ஒய்யும் தனியே நிற்கிறது. அதனாலேயே ஆணுக்கு ஒன்று மிகுதி. எண்ணிக்கை இவ்வளவு மாறியும், ஒய்யைப் பெற்றது ஆணாதல் என்னும் முறை மட்டும் மாறவில்லை.

நிற்க. மனிதருக்கு வருவோம். நம் உயிரணுவில் 46 குரோமோசோம்கள் உள்ளன என்பது 1956ஆம் ஆண்டில்தான் உறுதியாயிற்று. தாய் தரும் முட்டை எப்போதும் எக்ஸையே தாங்கும். தந்தையின் விந்தணுவோ எக்ஸைத் தாங்கினால் பெண். ஒய்யைத் தாங்கினால் ஆண். ஒய்யில் உள்ள ஒரு மரபணுவே கருவை ஆணின் வழியில் திருப்புகிறது என்பதை 1990ஆம் ஆண்டில் இங்கிலாந்து அறிஞர்கள் கண்டனர். இதில் தந்தையின் விருப்பத்திற்கும் இடமில்லை. இரு வகை விந்தணுக்களும் ஏறத்தாழச் சமமாகவே உருவாகின்றன. ஆகவே தாயைப் பழிப்பதற்கு இடமில்லாதது போலவே, தந்தையைப் பழிப்பதற்கும் இடமில்லை.

எனினும் அறிவு ஏட்டில் ஏறியபின்னும் பழக்கம் வீட்டை விட்டு அகலவில்லை. பெண்சிசுக்களைக் காக்கத் தமிழகம் 1992ஆம் ஆண்டில் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க நேர்ந்தது. கருவிலுள்ள மகவின் பாலை அறிந்து கூறுவதைத் தடுக்க 1994ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற நேர்ந்தது. ஒரு நூற்றாண்டு ஆராய்ச்சி தந்த தெளிவு மட்டுமே போதியிருந்தால் இவ்விரண்டும் வேண்டியிரா.

பிழைப்பின் பொருட்டு எம்மாநிலத்தில் வாழினும், ஊரிலிருந்து நாம் உடன் கொண்டு செல்வன மொழியும் உணவும் மட்டும் அல்ல. பழைய எண்ணங்களும் கூடவே வருகின்றன. அவற்றுள் காக்கத் தக்கன எவை, களையத் தக்கன எவை என்று ஆராய்தல் நம் கடன். மூன்றாம் முறையும் பெண்மகவை ஈன்ற மருமகளை நோக்கி ஒரு சுடுசொல் எழும்போது, அதை அங்கேயே தடுக்க இவ்வரலாறு நமக்குப் பயன்படுமாயின், அதுவே இதனை அறிந்ததன் பயனாகும்.