கெசட்டுக்குள் கிடந்த கடற்கரை வீதி



2004 டிசம்பர் 26இல் எங்கள் அல்பங்களைக் கடல் கொண்டுபோனது. மர்ஹூம் வாப்பாவின் படம் ஒன்றும் மிஞ்சவில்லை. ராத்தாவின் 1993 கலியாண வீடியோ கெசட் மட்டும் கொழும்பில், சாச்சி வீட்டில் இருந்தது.

கணினியில் ஏற்றி, போட்டோஷொப்பில் பிரேம்களைப் பிரித்தேன். அந்தக்கால பால் முறையில் விநாடிக்கு 25 பிரேம். ஒற்றைக் கோடுகள் முதலில், இரட்டைக் கோடுகள் அடுத்ததாகப் பதிவாகும். இடையில் ஆள் அசைந்தால் விளிம்பு சீப்புப் பல்லாகிவிடும். 'டீ-இன்டர்லேஸ்' கொடுத்தால் பல் மறையும்; ஆனால் பாதிக் கோடுகள் ஊகம்தான். அதனால் வாப்பா அசையாமல் நின்ற பிரேமையே தேடினேன். கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ்.

முகத்தைச் செயலியில் கூர்மையாக்கினான் மகன். அழகுதான், ஆனால் வாப்பா இல்லை. அழித்துவிட்டேன்.

வாப்பாவுக்குப் பின்னால் ஒரு கிணறு தெரிகிறது. யார் வளவுக் கிணறு? மூத்தவர்கள் சொல்லுங்கள்.