கண் வைத்தியரும் அவர்தம் பயிற்சியும்

கண்ணிற் புரை படர்ந்து ஒளி குன்றுவது தொன்றுதொட்டு மக்களை வருத்திவரும் நோயாகும். ஊசி போன்ற கருவியைக் கண்ணுட் செலுத்திப் புரையை ஒருபுறம் ஒதுக்கிவிடும் முறை சுச்சுருத சங்கிதையின் உத்தர தந்திரத்திற் கூறப்பட்டுள்ளது. மேனாட்டாரும் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இத்தகைய முறையையே கைக்கொண்டனர். ஆயின், ஆங்கு இத்தொழிலைச் செய்தோருட் பலர் சர்வகலாசாலையிற் பயின்றவரல்லர். ஊர்தோறுஞ் சென்று பொருளீட்டியவராவர்.

அன்னோருட் புகழும் பழியும் ஒருங்கே பெற்றவர் ஜோன் ரெயிலர். இவரைப் பயிற்சியில்லாதவர் என்றல் பொருந்தாது. இலண்டனிற் செசெல்டன் என்னும் பெயர்பெற்ற சத்திர வைத்தியரிடம் பயின்றவர். இரண்டாம் ஜோர்ஜ் மன்னருக்குக் கண் வைத்தியராயும் விளங்கியவர். எனினும், 1750ஆம் ஆண்டு லைப்சிக் நகரில் இசைப் பேரறிஞர் பாக்கின் கண்களுக்கு இவர் இருமுறை செய்த சத்திர சிகிச்சை பயன்தரவில்லை. பாக் பார்வையிழந்து நோயுற்று, அவ்வாண்டு யூலை 28ஆம் நாள் மறைந்தார். ரெயிலரிடத்துக் காணப்பட்ட குறை கைத்திறன் பற்றியதன்று. கட்டு அவிழ்க்கப்படுமுன் அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிடும் வைத்தியர் தமது தவற்றைக் காண்பதெங்ஙனம்?

பிரான்சு தேசத்து டாவியல் 1747இற் புரையை ஒதுக்காது, கண்ணினின்றும் வெளியே எடுக்குஞ் சிகிச்சையைச் செய்தார். பின்னர் 206 சிகிச்சைகளுள் 182 பயன்தந்தன என அறிவித்தார். தோல்வியையும் எண்ணிக் கூறிய இச்செயல், சிகிச்சையினும் சிறந்ததோர் புதுமை எனலாம்.

ஒழுங்கான போதனை வியன்னாவில் உருப்பெற்றது. அங்கு பேயர் என்பார் ஏழைகளின் கண்ணோய்களுக்குப் பல்லாண்டு சிகிச்சை செய்து, 1812இற் பேராசிரியரானார். மாணவர் நோயாளியின் அருகிலேயே பயின்றனர். கிளாஸ்கோவிற் கண் வைத்தியசாலை நிறுவிய மக்கென்சியும் வியன்னாவில் அவரிடம் பயின்றவரே. இலண்டனில் 1805இற் கண் வைத்தியசாலையொன்று எழுந்தது; எகிப்துப் போரினின்றும் மீண்ட படைவீரர் கொணர்ந்த கண்ணோய் அதன் தேவையை உணர்த்திற்று. கிழக்கிந்தியக் கம்பெனியாரின் ஆட்சியிலிருந்த சென்னையிலும் 1819இலேயே அத்தகைய வைத்தியசாலை தோன்றியமை குறிப்பிடத்தக்கது.

இத்துணை முன்னேறியும், உயிருள்ள கண்ணின் உட்புறத்தைத் தெளிவுறக் கண்டவரிலர். அதற்குரிய கருவியை 1851இல் வெளியிட்ட ஹெல்ம்ஹோல்ட்சு கண் வைத்தியரல்லர், உடற்றொழிலியற் பேராசிரியர் என்பது வியப்பே. அதன்பின் கண் வைத்தியர் கற்கவேண்டுவது பன்மடங்காகப் பெருகிற்று. 1884இற் கொல்லர் என்னும் இளைஞர், கொக்கேயின் கரைசல் கண்ணை மரக்கச் செய்யும் எனக் காட்டினார். அதுவரை நோயாளியின் தலையை உதவியாளர் இறுகப் பிடித்திருக்க, நொடிப்பொழுதிற் சிகிச்சையை முடிக்கும் விரைவே வைத்தியரின் பெருந்திறமையாக மதிக்கப்பட்டது. வலி நீங்கவே, அவ்விரைவின் இடத்தைப் பொறுமையும் நுணுக்கமும் பெற்றன.

ஆயினும், கண் வைத்தியர் எனத் தம்மைக் கூறிக்கொள்ள எவர் தகுதியுடையார் என்னும் வினா எஞ்சிநின்றது. அமெரிக்காவில் அதற்கெனத் தனிப் பரீட்சைச் சபை 1916இல் அமைந்தது. வைத்தியத் துறையின் தனிப்பிரிவு ஒன்றுக்கு அந்நாட்டில் ஏற்பட்ட முதற் சபை அதுவேயாகும்.