தலைமறைவுச் சண்டை: ஒரு வீடியோப் பிரதியும் டெல்டாவின் உடல்களும்

1990களின் தொடக்கத்தில் முத்துப்பேட்டையில் டெக்கில் படம் பார்த்தவர்களுக்கு 'பிளட்ஸ்போர்ட்' என்ற பெயர் மறந்துபோயிருக்கலாம். வான் டாம் இரண்டு காலையும் அகட்டி உட்கார்ந்தது மறந்திருக்காது. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று பிழைக்கப் போனவர்கள் கொண்டுவந்த டெக்கும் கேசட்டும் வீட்டுத் திண்ணைகளிலிருந்து கீற்றுக் கொட்டகைக்கு வந்து சேர்ந்த காலம் அது. நான் பார்த்ததும் கொட்டகையில்தான். "காக்கா, இது நெசமாவே நடந்ததாமே?" என்று ஒரு பையன் கேட்டான். நம் வாசிப்பை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கலாம்.

1988இல் வெளிவந்த இப்படத்தைக் கேனன் நிறுவனம் சுமார் 20 லட்சம் டாலரில் எடுத்தது. ஹாலிவுட் கணக்கில் இது சில்லறைக் காசு. ஹாங்காங்கில் பல தேசத்து வீரர்கள் ரகசியமாகக் கூடி மோதும் 'குமிதே'; அதில் ஜெயிக்கும் முதல் மேற்கத்தியன் ஃபிராங்க் டக்ஸ். கதை அவ்வளவுதான். 1975 முதல் 1980 வரை டக்ஸ் 329 சண்டைகள் போட்டதாகப் படத்தின் முடிவில் எழுத்து ஓடும். அதே ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் இதைத் துருவியது. வெற்றிக் கோப்பையே உள்ளூர்க் கடையில் வாங்கப்பட்டது என்று எழுதியது. டக்ஸ் மறுத்தார். பொய்யா மெய்யா என்பதைவிட, இந்தப் பிரதிக்கு 'உண்மை' ஏன் தேவைப்பட்டது என்பதே நமக்கு முக்கியம். பெரிய நட்சத்திரமோ பிரம்மாண்டமோ இல்லாத படத்துக்கு 'உண்மைக் கதை' என்ற முத்திரைதான் மூலதனம். கௌலூன் கோட்டை நகரத்தின் இருட்டுச் சந்துகளில் போய்ப் படம் பிடித்ததும் இதற்காகத்தான். அங்கே வாழ்ந்த ஏழைகளின் நெரிசல் திகிலூட்டும் பின்னணியாக மட்டும் பயன்பட்டது. 1993-94இல் அந்த நகரம் இடிக்கப்பட்டு இன்று பூங்காவாகிவிட்டது.

ஹாங்காங்கில் கள்ளச் சண்டை இல்லாமல் இல்லை. 1950களில் குங்ஃபூ பள்ளிகளின் இளைஞர்கள் மொட்டை மாடிகளில் மோதிக்கொண்டார்கள். புரூஸ் லீயும் அதில் ஒருவர். இப்படிப்பட்ட நேர் மோதலுக்குக் காலனியச் சட்டம் இடம் தரவில்லை. 1954 ஜனவரியில் தாய்சி ஆசான் வூ குங்யியும் வெள்ளைக் கொக்கு மரபின் சான் ஹாக்ஃபூவும் மோதியபோது மேடை போர்த்துகீசிய மக்காவில்தான் போடப்பட்டது. வசூல் ஷெக் கிப் மெய் குடிசைத் தீ விபத்து நிவாரணத்துக்கு. 1953 டிசம்பர் 25 இரவில் அங்கே ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்திருந்தார்கள். இரண்டே சுற்றில் வெற்றி தோல்வியில்லை என்று சண்டையை நிறுத்தினார்கள். சில நாட்களில் ஒரு பத்திரிகை லியாங் யூஷெங்கின் வீரக்கதைத் தொடரைத் தொடங்கியது. நவீன வாள்வீரக் கதைமரபு அங்கிருந்து கிளைக்கிறது. அகதிகள், தீ, காலனியச் சட்டம், பத்திரிகை விற்பனை எல்லாம் அந்த மேடையைச் சுற்றி நின்றன. கேனன் படம் இவ்வளவையும் துடைத்துவிட்டுப் பந்தயக்காரர்களை மட்டும் சுற்றிலும் உட்கார வைக்கிறது.

விதியற்ற களத்தில் உடல் மட்டுமே தீர்மானிக்கும் என்பது படத்தின் கனவு. இந்தக் கனவைக் காவிரிக் கரையில் வைத்துப் பாருங்கள். யார் யாரை அடிக்கலாம் என்பதற்கு இங்கே கறாரான விதி இருந்தது. மிராசுதாரின் ஆள் சவுக்கால் அடிப்பான், சாணிப்பாலைக் குடிக்க வைப்பான். தலித் பண்ணையாள் கை ஓங்கக் கூடாது. 1943இல் இங்கு வந்த பி. சீனிவாசராவ், அடித்தால் திருப்பி அடி என்றார் என மேடைகளில் இன்றும் சொல்கிறார்கள். ஆனால் சங்கம் அத்தோடு நிற்கவில்லை. 1944இல் களப்பாலிலும் மன்னார்குடியிலும் ஏற்பட்ட ஒப்பந்தங்களில் சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்று எழுதி வாங்கியது. கூலி பற்றியும் பேசியது. அடிபட்டவர்கள் கேட்டது விதியை. 'விதியில்லை' என்பதை விடுதலையாக ரசிக்க, ஏற்கெனவே சட்டம் காப்பாற்றுகிற ஓர் உடல் வேண்டும். வான் டாமுக்கு அது இருந்தது.

'அண்டர்கிரவுண்ட்' என்ற சொல்லுக்கு டெல்டாவில் 'தலைமறைவு' என்று பெயர். 1948க்குப் பிந்தைய அடக்குமுறையில் தோழர்களை ஒளித்துவைத்த சேரிகளுக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும். படம் ஓடிய கொட்டகையும் ஒருவகைத் தலைமறைவுதான். வீடியோவில் படம் காட்டுவதை முறைப்படுத்த 1984இல் தமிழக அரசு சட்டம் கொண்டுவந்திருந்தது. லைசென்ஸ் இல்லாத கொட்டகைக்காரர் போலீஸ் என்றால் டெக்கைத் துணியில் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

பிற்பாதியில் போலோ யூங் பொடி தூவிக் கதாநாயகனின் கண்ணை மறைப்பான். கொட்டகையே எழுந்து நின்று கத்தியது, நானும் கத்தினேன். எனக்குப் பின்னால் நாற்று பறித்த சேறு காலில் காயாமல் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். "இவனுவோ எதுக்குத்தாண்டா அடிச்சிக்கிறானுவோ? கூலித் தகராறா, வரப்புத் தகராறா?"

"சும்மா இரு தாத்தா" என்றான் ஒருவன். பொடி பட்ட கண்ணோடு வான் டாம் காலைத் தூக்கியிருந்தார்.