சில விநாடி மௌனம்

கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. மவுஸுக்கு வேலையே கிடையாது. டேட்டாபேஸுக்குள் நுழைய ஒரு கட்டளையைத் தட்டி என்டரை அழுத்துகிறீர்கள். முடியாது என்று ஒரு வரி வந்து விழுகிறது. உடனே என்ன செய்கிறோம்? அதே கட்டளையை மறுபடியும் தட்டுகிறோம், இந்தத் தடவை கொஞ்சம் பலமாக! (லிஃப்ட் பட்டனையும் இப்படித்தான் படுத்துகிறோம்.)

அந்த ஒற்றை வரியை யாரும் படிப்பதில்லை. படித்தால் பாதி வேலை முடிந்தது. 1995-ல் பிறந்த மைஎஸ்கியூஎல்லையே எடுத்துக்கொள்வோம். (படைத்தவர்களில் ஒருவரான ஃபின்லாந்துக்காரர் மைக்கேல் விடேனியஸ் தன் மகள் பெயரைத்தான் அதன் முன்னால் வைத்தார். பாசக்கார அப்பா!) இணைப்பு கிடைக்காவிட்டால் அது 2003 என்றொரு பிழை எண்ணைக் காட்டும். கூடவே லினக்ஸ் கம்ப்யூட்டராக இருந்தால் அடைப்புக்குறிக்குள் 111 அல்லது 110. இந்த இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

111 என்றால் 'மறுக்கப்பட்டது'. கேட்க வருத்தமாக இருந்தாலும் பெரும்பாலும் நல்ல செய்திதான். உங்கள் கடிதம் அந்த வீடு வரைக்கும் போயிருக்கிறது. 'நீங்க தட்டற கதவுக்குப் பின்னால ஆள் இல்லீங்க' என்று அந்தக் கம்ப்யூட்டரே பதில் அனுப்பியிருக்கிறது. டேட்டாபேஸ் ஓடாமல் கிடக்கலாம். கதவு எண் தப்பாக இருக்கலாம் - வழக்கமாக மைஎஸ்கியூஎல்லுக்கு 3306, போஸ்ட்கிரஸுக்கு 5432. அல்லது, வீட்டுக்காரர்களிடம் மட்டும் பேசினால் போதும் என்று 127.0.0.1 என்ற உள்முகவரியிலேயே அதை உட்கார வைத்திருப்பார்கள்.

110 அப்படியல்ல. காத்திருந்து காத்திருந்து நேரம் முடிந்துபோனது என்று அர்த்தம். எதிர் மிஷின் அணைந்து கிடக்கிறதா, முகவரியே தப்பா, நடுவில் ஒரு ஃபயர்வால் கடிதத்தை வாங்கிச் சத்தமில்லாமல் கிழித்துப் போட்டதா... ஒன்றும் தெரியாது.

இன்னொரு எண் 1045. 'கனெக்‌ஷனே கிடைக்கலை சார்' என்று புலம்புகிறவர்கள் பலருடைய திரையில் இருப்பது இதுதான். இதில் இணைப்பு கிடைத்துவிட்டது! கதவைத் திறந்து, யாரென்று விசாரித்து, பெயரோ பாஸ்வேர்டோ சரியில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இதற்குப் போய் கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பது வீண்.

எதிரே ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று குரல் கொடுத்துப் பார்க்கும் 'பிங்' கட்டளையை 1983 டிசம்பரில் எழுதியவர் மைக் மூஸ். அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். வலையில் ஏதோ கோளாறு, அதைத் தேடப் போய் எழுதியது. கடலடியில் சோனார் எழுப்பும் ஒலிதான் பெயருக்குக் காரணம். ஆனால் ஃபயர்வால்கள் பிங்கையும் விழுங்கும். அதனால் மௌனத்துக்கு முன்னால் நல்ல வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: வேறோர் இடத்திலிருந்து, வேறொரு மிஷினிலிருந்து அதே கதவைத் தட்டிப் பார்ப்பது. அங்கே கிடைக்கிறதா? அப்போ கோளாறு இந்தப் பக்கம். அங்கேயும் மௌனமா? அந்தப் பக்கம், அல்லது நடுவில்.

ஒரே இடத்திலிருந்து மௌனத்தைக் கேட்டு முடிவுக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்ம ஜவ்வாது மலையில் ஒரு கதை இருக்கிறது. அதில் டேட்டாபேஸ் கிடையாது. ஒரு பக்கம் நட்சத்திரம், மறு பக்கம் டெலஸ்கோப், நடுவில் யுரேனஸ்.

ஆலங்காயத்திலிருந்து மலையேறினால் காவலூர். கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 725 மீட்டர். வேணு பாப்பு தேடிப் பிடித்த இடம். 1972-ல் ஜெர்மனியின் ஸைஸ் கம்பெனி செய்த ஒரு மீட்டர் டெலஸ்கோப் அங்கே வந்து சேர்ந்தது. அதே வருஷம், வியாழனின் நிலாவான கானிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்ததை அதில் பார்த்தார்கள். மறைப்பு என்பது காவலூர்க்காரர்களுக்குக் கைவந்த கலை.

1977 மார்ச் 10 இரவு. யுரேனஸ் ஒரு மங்கலான நட்சத்திரத்தை மறைக்கப்போகிறது என்று முன்கூட்டியே கணக்கிட்டிருந்தார்கள். ஜே.சி.பட்டாச்சார்யாவும் கே.குப்புசாமியும் டெலஸ்கோப்பைத் திருப்பி வைத்துக் காத்திருந்தார்கள். நட்சத்திர வெளிச்சம் சீராக வந்துகொண்டிருக்கிறது. திடீரென்று கட்! சில விநாடி ஒளி இறங்கி, மறுபடி பழையபடி ஏறிவிட்டது. கிரகம் நட்சத்திரத்தை நெருங்கவே இன்னும் நேரம் இருந்தது. அப்படியானால் நடுவில் வந்து போனது யார்?

யுரேனஸுக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று குறுக்கே போயிருக்கிறது. புதிய நிலா! இருவரும் அப்படித்தான் எழுதினார்கள். கையில் இருந்த சாட்சியத்துக்கு அது ஒன்றும் முட்டாள்தனமான முடிவல்ல என்பது என் கட்சி.

அதே இரவில் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கு மேலே ஒரு விமானம் பறந்துகொண்டிருந்தது. நாஸாவின் கைப்பர் பறக்கும் வானாய்வகம். உள்ளே 91 சென்டிமீட்டர் டெலஸ்கோப், கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் எலியட், டன்ஹாம், மிங்க். அவர்களுக்கும் வெளிச்சம் கட் ஆனது. முதலில் எழுந்த சந்தேகம், கருவி சதி செய்கிறதோ! (நீங்களும் நானும் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள்.) ஆனால் கட் மறுபடி வந்தது, மறுபடியும் வந்தது. கிரகம் நட்சத்திரத்தை மறைத்து விலகிய பிறகும் வந்தது. அவர்களும் ஆரம்பத்தில் குட்டி நிலாக்களின் கூட்டம் என்றுதான் நினைத்தார்கள். பிற்பாடு முன்பாதிப் பதிவையும் பின்பாதிப் பதிவையும் ஒப்பிட்டால், கிரகத்துக்கு இந்தப் பக்கம் எவ்வளவு தூரத்தில் வெட்டோ, அந்தப் பக்கமும் கிட்டத்தட்ட அதே தூரத்தில் வெட்டு. நிலாக்கள் இப்படி ஜோடி ஜோடியாக அணிவகுக்காது. வளையங்கள்! சனிக்கு மட்டுமே வளையம் உண்டு என்று மூன்று நூற்றாண்டுக்கு மேலாக நம்பியிருந்தது அன்றோடு போயிற்று.

அந்த 1977 மே மாத 'நேச்சர்' இதழைப் பார்த்தால் கொஞ்சம் மனசு வலிக்கும். எலியட் குழுவின் கட்டுரை 'யுரேனஸின் வளையங்கள்'. அடுத்து ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து பார்த்தவர்கள் - அவர்களும் வளையம் என்கிறார்கள். அதற்கடுத்த பக்கத்தில் காவலூர்: 'யுரேனஸின் புதிய நிலா'. ஒரே இரவு, ஒரே நட்சத்திரம், அடுத்தடுத்த பக்கங்கள்!

காவலூர்க்காரர்கள் அத்தோடு விட்டுவிடவில்லை. பட்டாச்சார்யாவும் பாப்புவும் அந்தப் பழைய பதிவை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு, முதலில் கண்ணில் படாத சின்னச் சின்ன இறக்கங்களையும் தேடினார்கள். 1977 டிசம்பரில் அதே நேச்சரில் அவர்கள் கட்டுரை வந்தது - யுரேனஸைச் சுற்றி சனியைப் போன்ற ஒரு வளைய அமைப்பு என்று. முதலில் நிலா என்று நினைத்த அந்தப் பெரிய வெட்டு, இப்போது எப்சிலான் என்று அழைக்கப்படும் வெளி வளையம்.

1986 ஜனவரி 6-ம் தேதி, காவலூரில் 2.34 மீட்டர் டெலஸ்கோப்பைப் பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கிவைத்து, வானாய்வகத்துக்கு வேணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். பாப்பு 1982-லேயே காலமாகியிருந்தார். பதினெட்டே நாளில், ஜனவரி 24 அன்று, வாயேஜர்-2 யுரேனஸைக் கடந்தபடி அந்த வளையங்களைப் பக்கத்திலிருந்து படம் எடுத்தது.