அரிகேசரிநல்லூரும் பாண்டிமாதேவியர் இருவரும்

தேனிக்குத் தென்மேற்கே, கம்பம் பள்ளத்தாக்கிற் சுருளியாறு பாயும் வளநிலத்தில் விளங்குவது சின்னமனூர். அதன் பழம்பெயர் அளநாட்டு அரிகேசரிநல்லூர் என்பது கல்வெட்டுக்களால் அறியப்படும். அரிகேசரி என்னும் பட்டம் பூண்ட பாண்டியருள் ஏழாம் நூற்றாண்டிலிருந்த பராங்குச மாறவர்மனே நின்றசீர் நெடுமாற நாயனார் என்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலார் துணிபு. ஆதலின் இவ்வூர்ப் பெயரைக் கேட்குந்தோறும் அவர் தேவியாராகிய மங்கையர்க்கரசியார் நினைவிற்கு வருதல் இயல்பேயாம்.

அம்மையார் சோழர்குலக் கொடி. அந்நாளிற் சோழர் பல்லவர்க்கும் பாண்டியர்க்கும் இடையே ஒடுங்கிச் சிற்றரசராய் நின்றனர். அத்தகைய குடியினின்று வலிமிக்க பாண்டியனுக்கு மகட்கொடை நேர்ந்ததென்றால், அஃது அரசியல் நோக்கிய மணம் என்று கொள்ளுதலே பொருந்தும். கொடுப்போர் கொடுப்பக் கொள்வதனைக் கற்பென்று வகுத்த தொல்காப்பியனார், காதலர் உடன்போகியவழிக் கொடுப்போரின்றியும் கரணம் உண்டென்று இடந்தந்தார். ஆயின் அவ்விடம் அரசர் மகளிர்க்கு எத்துணை எட்டியது? நாட்டெல்லையும் படைத்துணையும் அவர்தம் மணவினையோடு பிணிக்கப்பட்டிருந்தன.

கொண்ட கணவனோ சமண் சமயஞ் சார்ந்தவன். தேவியார்க்குச் சிவபெருமான் திருவடியன்றி வேறு புகலில்லை. கணவனை நீங்கிப் பிறந்தகம் புகின் இரு குடிக்கும் பகை மூளும். சிவநெறியை நீங்கின் உயிரே நீங்கியதாம். இவ்விரண்டினையுஞ் செய்யாது, அமைச்சர் குலச்சிறையாரொடு கூடித் திருமறைக்காட்டில் எழுந்தருளியிருந்த திருஞானசம்பந்தப் பிள்ளையார்பால் ஆள்விடுத்து, அவரை மதுரைக்கு வருவித்தனர். வந்த பிள்ளையாரின் இளமை கண்டு அஞ்சியவரும் இவ்வம்மையாரே. அவ்வச்சந் தீர்த்தற்குப் பிள்ளையார் இவரையே விளித்து ஒரு பதிகம் அருளினர்.

இம்மணத்தை அன்பில்லா மணமென்று எளிதிற் கூறிவிடுவார், பிள்ளையார் எழுந்தருளிய திருமடத்தில் தீயிட்ட வரலாற்றைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். அத்தீ பாண்டியனைச் சாரவேண்டுமென்ற பிள்ளையார், மெல்லச் சார்க என்று ஏன் பணித்தார்? சேக்கிழார் பெருமான் இதற்குக் காரணம் பல கூறுகின்றார். குலச்சிறையாரது அன்பும், அரசன் செய்த பிழையும், அவன் மீண்டு சிவநெறி அடையும் விதியும் அவற்றுள் அடங்கும். ஆயினும் அவற்றுள் முதலில் வைக்கப்பட்டது தேவியாரது மங்கலநாண் காத்தலேயாம். அரசியல் கட்டிய நாண்தான் அது. அதனையே அருளாளர் காக்கத்தக்க பொருளாக மதித்தனர். வெப்புநோயால் மன்னன் துடித்தபொழுது பிள்ளையாரை அழைக்குமாறு கூறியவர்களும் தேவியாரும் அமைச்சருமே. பகைமன்னன் ஒருவன் மாய்கின்றான் என்றிருக்கும் உள்ளம் இவ்வாறு விரையுமோ? காதல் மணத்தின் முன் தோன்றலே வழக்கு. இங்கே அது மணத்தின் பின் வளர்ந்தது போலும். சேக்கிழார் அம்மையாரது புராணத்தை மூன்றே திருவிருத்தங்களில் முடித்தாரேனும், அவர் பெருமையெல்லாம் பிள்ளையார் புராணத்தில் விரிந்து கிடக்கின்றது.

அரிகேசரிநல்லூரோடு தொடர்புடைய மற்றொரு தேவியார் வானவன் மாதேவி. சின்னமனூர்ப் பெரிய செப்பேடு, பராந்தக வீரநாராயணன் மணந்த இச்சேரர் மகளின் மைந்தனே இராசசிம்மன் என்கின்றது. அவர் உள்ளம் எதனை விழைந்ததென்று எழுதுதல் செப்பேட்டு மரபன்று; இன்னார் மகள், இன்னார் தேவி, இன்னார் தாய் என்பதோடு அது அமையும். ஆயினும் அம்மணத்தின் பயன் பின்னரே விளங்கிற்று. ஏறத்தாழ 910-இல் முதற் பராந்தக சோழன் மதுரையைக் கொண்டான். ஈழப்படையின் துணைபெற்றும் இராசசிம்மன் வெள்ளூர்ப் போரில் தோற்றான். பின்னர் ஈழத்திற்கு ஓடித் தன் முடியையும் அரசச் சின்னங்களையும் அங்கே வைத்துச் சேரநாடு புகுந்தான். இதனை ஈழத்து மகாவம்சம் உரைக்கின்றது.

சேரநாட்டு மகட்கொடை பாண்டியரோடு நின்றதுமன்று. பராந்தகனும் கேரள அரசராகிய பழுவேட்டரையர் மகளை மணந்தானென்று அன்பிற் செப்பேடு கூறும். வென்றவனுக்கு மாமனார் நாடும், தோற்றவனுக்குத் தாய்ப்பிறந்தகமும் ஒன்றாயின! ஈழத்தில் வைத்த முடி நூறாண்டு அங்கேயே கிடந்து, 1017-ஐ ஒட்டி இராசேந்திர சோழன் கைப்பட்டது. முடியிழந்த மைந்தனை ஏற்றுக்கொண்டது வானவன் மாதேவியார் பிறந்த நாடு.