மூடிய வெப்பமூட்டல் தொகுதியில் அழுத்த இழப்பு

மூடிய வெப்பமூட்டல் தொகுதியில் அழுத்த இழப்பு என்பது, கொதிகலன், குழாய்கள், ரேடியேட்டர்கள் ஆகியவற்றுள் அடைபட்டுச் சுழலும் நீரின் அழுத்தம் இயல்பான அளவுக்குக் கீழே இறங்குவதைக் குறிக்கும். ஐக்கிய இராச்சியத்தின் வீடுகளில் இது அடிக்கடி காணப்படும் பழுதாகும். நீர் குளிர்ந்திருக்கும்போது அழுத்தமானி பொதுவாக 1 முதல் 1.5 பார் வரை காட்டவேண்டும். அழுத்தம் மிகவும் குறைந்தால் பல கொதிகலன்கள் தாமாகவே நின்றுவிடும்.

பழைய வீடுகளில் உள்ள திறந்த தொகுதிகளுக்கு இச்சிக்கல் இல்லை. பரணிலுள்ள சிறு தொட்டி குறையும் நீரைத் தானே ஈடுசெய்துவிடும். அதனால் கசிவு இருப்பதும் பல காலம் தெரியாமல் போகும்.

விரிவுக் கலன்

நீர் 10 பாகையிலிருந்து 80 பாகை செல்சியசு வரை சூடேறும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 3 விழுக்காடு கூடுகிறது. 100 லீட்டர் நீர் கொண்ட தொகுதியில் இது சுமார் 3 லீட்டராகும். நீரை அமுக்க இயலாது என்பதால் இக்கூடுதல் நீருக்கு இடம் தேவை. அவ்விடத்தை அளிப்பது விரிவுக் கலனாகும். இதனுள் ஒரு ரப்பர் சவ்வின் ஒருபுறம் நீரும் மறுபுறம் காற்று அல்லது நைதரசனும் இருக்கும். அழுத்தம் 3 பாரை எட்டினால் பாதுகாப்பு வால்வு திறந்து, சுவருக்கு வெளியே நீட்டப்பட்ட செப்புக்குழாய் வழியே நீரை வெளியேற்றும்.

பழுதறிதல்

எவ்வளவு இறங்கியது என்பதைவிட எப்போது இறங்கியது என்பதே பழுதைக் காட்டிக்கொடுக்கிறது. நீர் குளிர்ந்தாலே முள் சற்று இறங்கும் என்பதால், குளிர்ந்த நிலை அளவைக் குளிர்ந்த நிலை அளவோடு மட்டுமே ஒப்பிடவேண்டும். ரேடியேட்டரில் சேர்ந்த காற்றை வெளியேற்றிய பின் அழுத்தம் ஒருமுறை குறைவது பழுதன்று.

சூடேறும்போது முள் 3 பாரை நோக்கி விரைந்து ஏறி, குளிர்ந்த பின் சுழியத்தை ஒட்டி விழுந்தால், விரிவுக் கலன் தன் காற்றை இழந்துள்ளது எனலாம். அதன் காற்று வால்வு வண்டிச் சக்கரத்தில் உள்ளதைப் போன்றதே. அதை அழுத்தும்போது காற்றுக்குப் பதில் நீர் வந்தால் சவ்வு கிழிந்துவிட்டது. காற்று மட்டும் குறைந்திருந்தால், நீரின் அழுத்தத்தை முழுதும் நீக்கிய பின்பே அதை அளந்து நிரப்பவேண்டும். கலனைச் சரிசெய்த பின்னும் அழுத்தம் இறங்குவதுண்டு. ஒருமுறை திறந்த பாதுகாப்பு வால்வின் இருக்கையில் துகள் சிக்கி அது சொட்டிக்கொண்டே இருப்பது இதற்குக் காரணமாகலாம். வெளிக்குழாயின் முனையில் ஒரு நெகிழிப் பையைக் கட்டிவைத்தால் இது தெரிந்துவிடும்.

கொதிகலன் அணைந்திருக்கும்போதும் அழுத்தம் சீராக இறங்கினால் எங்கோ கசிவு உள்ளது. சூடான ரேடியேட்டரின் மூட்டில் கசியும் நீர் உடனே ஆவியாகி, துருவையோ பச்சைக் கறையையோ மட்டும் விட்டுச்செல்லும். தரை ஈரமில்லை என்பதற்காகக் கசிவில்லை என்று முடிவுசெய்ய இயலாது. கொதிகலனை அணைத்து, குளிரவிட்டு, அதன் போக்கு, வரவு வால்வுகள் இரண்டையும் ஓர் இரவு மூடிவைப்பது நல்ல சோதனையாகும். கொதிகலனிலுள்ள அழுத்தமானி அப்போதும் இறங்கினால் பழுது கொதிகலனுக்குள் உள்ளது. மாறாமல் நின்றால் குழாய்களிலோ ரேடியேட்டர்களிலோ உள்ளது. வால்வுகளைத் திறக்கும்வரை கொதிகலனை இயக்கக்கூடாது.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 2005 ஏப்ரல் முதல், சில விலக்குகள் நீங்கலாக, புதிதாகப் பொருத்தப்படும் எரிவாயுக் கொதிகலன்கள் ஒடுக்க வகையினவாக இருக்கவேண்டும். இவற்றின் வெப்பப் பரிமாற்றியில் துளை விழுந்தால் நீர், புகைவளியில் ஒடுங்கும் நீரோடு சேர்ந்து வடிகாலுக்குள் போய்விடும். நெடுநேரம் அணைந்திருந்தும் அவ்வடிகாலில் நீர் சொட்டினால் இதை ஐயுறவேண்டும்.

மீண்டும் மீண்டும் நீர் நிரப்புதல்

நிரப்புக் குழாயைத் திறந்து அழுத்தத்தை உயர்த்துவது ஒரு நிமிட வேலை. ஆண்டுக்கு ஓரிருமுறை இவ்வாறு செய்வதில் தவறில்லை. வாரந்தோறும் செய்வது கசிவைக் காட்டிலும் கேடானது. புதிய நீருடன் ஆக்சிசனும் உள்ளே வந்து எஃகு ரேடியேட்டர்களை அரிக்கிறது. அரிப்புத் தடுப்பி நீர்த்துப்போகிறது. கரும் சேறாகப் படியும் இரும்பு ஆக்சைடு, நீரேற்றியையும் வெப்பப் பரிமாற்றியையும் அடைக்கிறது. இலண்டன் போன்ற கடின நீர்ப் பகுதிகளில் சுண்ணாம்புப் படிவும் சேரும்.

பாதுகாப்பு

அழுத்தமானியைக் கவனித்தல், ரேடியேட்டர் மூட்டுகளைப் பார்த்தல், நீர் நிரப்புதல் ஆகியவற்றை வீட்டாரே செய்யலாம். பல கொதிகலன்களில் வெளியுறையே எரியறையைக் காற்றுப்புகாமல் காக்கிறது. அதைக் கழற்றிச் சரியாக மூடாவிட்டால் நச்சுத்தன்மையுள்ள காபனோரொட்சைட்டு வீட்டினுள் பரவக்கூடும். பெரிய பிரித்தானியாவில் கூலிக்கு எரிவாயுப் பணி செய்வோர் 2009 ஏப்ரல் 1 முதல் கேஸ் சேஃப் பதிவேட்டில் பதிவுபெற்றிருக்கவேண்டும். அதற்கு முன் இப்பதிவை கார்கி நடத்திவந்தது.